டயல் பறவை

கொழும்பு மாநகரில் நீதிமன்றங்கள் செறிந்து நிற்கும் புதுக்கடைக்கு ஆங்கிலத்திலே வழங்கும் பெயர் ஹல்ஸ்டோர்ப் என்பது. 1656ஆம் ஆண்டில், போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றும் பொருட்டு முற்றுகையிட்டிருந்த ஒல்லாந்தப் படைக்குத் தலைமை தாங்கிய ஹெராட் ஹல்ஃப்ட் என்னும் தளபதி, கோட்டை விழுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கையில் உயிரிழந்தான். வெற்றியைக் காணக் கொடுத்துவைக்காத அவனுடைய பெயர் அந்த இடத்துக்கு ஆயிற்று. ஆனால், சிங்கள மக்கள் அதனை அளுத்கடே என்றனர். தமிழர் புதுக்கடை என்றனர். இரண்டும் ஒரே பொருளன. கடை புதிதாயிருந்த காலம் கழிந்து நெடுநாளாயிற்று. வழக்காளியும் சட்டத்தரணியும் இன்றும் புதுக்கடைக்குப் போவதாகவே சொல்கின்றனர். ஹல்ஃப்டின் ஊருக்குப் போவதாகத் தமிழிற் சொல்வார் எவருமிலர். ஓரிடத்துக்கு ஆட்சியாளர் இட்ட பெயரும் அயலார் இட்ட பெயரும் இவ்வாறு ஒன்றையொன்று பாராமலே அருகருகே வாழ்வதுண்டு.

இப்புதுக்கடையிலும், வடக்கே கொட்டாஞ்சேனையிலும், தெற்கே வெள்ளவத்தையிலும், மரம் எஞ்சியிருக்கும் வளவுகளில் விடியற்காலையிற் பாடும் ஒரு சிறு பறவையின் பெயரும் இத்தகைய வரலாறு உடையது. மைனாவினும் சற்றுச் சிறியது. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏழு அல்லது எட்டு அங்குலம் இருக்கும். ஆணின் தலையும் நெஞ்சும் முதுகும் மின்னுங் கருமை, வயிறு வெண்மை, சிறகிலே நீண்டதொரு வெள்ளைக் கோடு, வாலின் ஓரங்களும் வெள்ளை. அவ்வாலைத் தரைக்குச் செங்குத்தாக உயர்த்தி, மதிலின்மேலோ வேலிக்கதிகாலின்மேலோ அது வந்தமர்ந்தால், நீதிமன்றத்துக்குக் கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் அணிந்து புறப்பட்ட ஒருவரைப் போலத் தோன்றும். இனம்பெருக்கும் பருவத்தில் உயர்ந்ததொரு கிளையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பாடும். பிற பறவைகளின் குரலையும் இடையிடையே எடுத்துக் கோத்துக்கொள்ளும். மரப்பொந்திலும் சுவரின் துவாரத்திலும் கூடமைத்து மனிதருக்கு அயலிலேயே குடியிருக்கும்.

சிங்களத்தில் இது பொல்கிச்சா. தமிழில் நூலோர் குண்டுக்கரிச்சான் என்பர். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. பழைய பெயர் 'டயல் பறவை'. இக்காலத்துப் பெயர் 'மாக்பை றொபின்'. டயல் என்பது மணிக்கூட்டின் முகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். முன்னாளில் அது சிறப்பாகச் சூரிய மணிக்கூட்டைக் குறித்தது. இப்பறவைக்கும் மணிக்கூட்டுக்கும் யாது தொடர்பு? தொடர்பு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத தொடர்பை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறிஞர் தேடிய கதையே இப்பெயரின் கதை.

அக்கதை தமிழகத்திலே தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாரின் சென் ஜோர்ஜ் கோட்டையில் எட்வேட் பல்க்லி என்னும் வைத்தியர் பணிபுரிந்தார். அக்காலத்துக் கப்பல் வைத்தியரும் கோட்டை வைத்தியரும் நோய் பார்ப்பதோடு மூலிகை, சிப்பி, பூச்சி, பறவை முதலியவற்றையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்புவது வழக்கம். இலண்டன் நகரில் மருந்துக்கடை நடத்திவந்த ஜேம்ஸ் பெற்றிவர் என்பவர் இத்தகைய பொருள்களுக்குத் தீராப் பசி உடையவர். கடல் கடந்து செல்வோர் யாராயினும் அவருடைய வேண்டுகோட் கடிதம் அவர்களைத் தொடர்ந்து செல்லும். பல்க்லி சென்னைப் பறவைகளைப் பற்றி அவருக்கு எழுதி அனுப்பினார். அவர் அனுப்பியவற்றுள் இக்கருவெள்ளைப் பறவையின் ஆண் ஒன்று இருந்தது. அதனுடன் 'சௌலரி' என்ற பெயரும் சென்றது. ஆங்கிலேய இயற்கைநூலார் ஜோன் றே பறவைகளைப் பற்றி எழுதிய இலத்தீன் நூல், அவர் காலமாகி எட்டாண்டுகளின் பின், 1713இல் வெளிவந்தபோது, சென்னைப் பறவைகளைப் பற்றிய பெற்றிவரின் குறிப்புகள் அதன் பின்னிணைப்பாக அமைந்தன. இந்தியப் பறவைகளுக்கென்றே ஐரோப்பாவில் அச்சேறிய முதற் பட்டியல் அது என்பர். நம் பறவை நூலேறியது அப்போதுதான்.

பல்க்லிக்கு இப்பறவையைப் பிடித்துக் கொடுத்தவன் யார், பெயரைச் சொன்னவன் யார் என்பதற்கு அந்நூலில் இடமில்லை. சென்னையில் அந்நாளிற் பெருவழக்காயிருந்தவை தமிழும் தெலுங்கும். துபாஷிகளும் படைவீரரும் வணிகரும் இந்துஸ்தானியும் போர்த்துக்கேயமும் கலந்து பேசினர். அத்தெருக்களில் நின்ற ஒருவன், துரை கைநீட்டிக் கேட்டபோது, தனக்குத் தெரிந்த சொல்லைச் சொல்லியிருப்பான். துரை தன் செவிக்கு எட்டியபடி எழுதிக்கொண்டிருப்பார். அந்த ஒரு சொல் பின்னர் உலகெங்கும் செல்லவிருந்தது. சொன்னவன் மட்டும் சென்னையிலேயே நின்றுவிட்டான்.

இதற்கிடையில் வங்காளத்திலிருந்து மற்றொரு பெயர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. வட இந்திய மொழிகளில் இப்பறவைக்குத் தஹியால், தயால், தோயேல் என்றெல்லாம் வழங்கும் பெயர் ஒன்றுண்டு. 1730களின் பிற்பகுதியில், எலீசர் அல்பின் என்னும் ஓவியர் தம் பறவைநூலின் பிற்சேர்க்கையில் இப்பறவைக்குப் படம் வரைந்து 'டயல் பறவை' என்று பெயர் எழுதினார். தயால் என்ற ஒலி ஆங்கிலச் செவியில் டயல் ஆயிற்று. இதனை அல்பினின் பிழை என்று கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அறியாத சொல்லைச் செவி அறிந்த சொல்லாகவே கேட்கும். 'அட்வொகேட்' என்ற சொல்லை அப்புக்காத்து ஆக்கிக்கொண்ட தமிழர் இதற்கு வழக்காட முடியாது. அல்பின் செய்தது ஒலியின் திரிபு மாத்திரமே. அத்திரிபுக்குப் பொருள் கற்பிக்கப் புகுந்தோரே பிழையை வளர்த்தனர்.

1758ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டு லின்னேயஸ் தமது 'சிஸ்ரமா நற்றுரே' என்னும் பெருநூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். விலங்குகளுக்கு இன்று வழங்கும் இருசொற் பெயர்முறை அப்பதிப்பிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அதில் இப்பறவையை மைனாக்களின் கூட்டத்தில் வைத்து 'கிரக்குலா சௌலாரிஸ்' என்று அவர் பெயரிட்டார். இலத்தீனில் சோலாரிஸ் என்றால் ஞாயிற்றுக்குரியது. சௌலாரிஸ் என்ற சொல் இலத்தீனில் இல்லை. அப்படியாயின் அஃது எங்கிருந்து வந்தது? அவர் அதற்கு விளக்கம் எழுதவில்லை. ஆயிரக்கணக்கான உயிர்களுக்குப் பெயரிட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒரு கறுப்புக் குருவிக்கு விளக்கம் எழுத நேரமேது?

அடுத்தவர் பிரெஞ்சு நாட்டு பிரான்சுவா லெவையான். தென்னாபிரிக்காவிற் சுற்றித் திரிந்து திரும்பிய இவர், 1796 முதல் ஆபிரிக்கப் பறவைகளைப் பற்றி அழகிய வண்ணப்படங்களோடு பல பாகங்களாக நூலொன்றை வெளியிட்டு வந்தார். அதன் மூன்றாம் பாகத்தில் நம் பறவைக்கும் இடங்கொடுத்தார். டயல் என்ற ஆங்கிலப் பெயரைச் சூரிய மணிக்கூடு என்றே கொண்டு, அதனைத் தம் மொழியிற் பெயர்த்துக் 'கத்ரான்' என்று இட்டார். பிரெஞ்சிற் கத்ரான் என்றால் மணிக்கூட்டு முகம். வங்காளத்து ஒலி ஆங்கிலத்திற் பொருளாகி, அப்பொருள் பிரெஞ்சில் வேறோர் ஒலியாயிற்று. மூலச்சொல்லின் ஓரெழுத்துக்கூட அதில் மிஞ்சவில்லை. மொழிபெயர்ப்பு எவ்வளவு செம்மையாயிருந்ததோ அவ்வளவுக்குத் தவறும் முழுமையாயிற்று. இதில் இன்னொரு வேடிக்கை: இப்பறவை ஆபிரிக்காவில் வாழ்வதே இல்லை. லெவையானின் நூலிலுள்ள பறவைகள் பலவற்றுக்கும் ஆபிரிக்காவோடு தொடர்பில்லை என்பதைப் பின்னர், 1857இல், சுவீடன் நாட்டு அறிஞர் சண்டவால் ஆராய்ந்து காட்டினார்.

மூன்றாமவர் தோமஸ் ஜேர்டன். இவரும் வைத்தியரே, சென்னைப் படையிற் பணிபுரிந்தவர், 1862க்கும் 1864க்கும் இடையில் 'இந்தியப் பறவைகள்' என்னும் பெருநூலை வெளியிட்டவர். லின்னேயஸ் டயல் என்ற பெயரைக் கண்டு, இப்பறவைக்குச் சூரிய மணிக்கூட்டோடு ஏதோ தொடர்புண்டு என்று கருதி, சோலாரிஸ் என்று எழுத எண்ணினார் எனவும், எழுதுகோல் வழுக்கியதால் அது சௌலாரிஸ் ஆகிவிட்டது எனவும் ஜேர்டன் தீர்ப்புக் கூறினார். கேட்பதற்கு இத்தீர்ப்புப் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் கல்கத்தா ஆசியச் சங்கத்து அரும்பொருட்சாலையின் காப்பாளராயிருந்த எட்வேட் பிளைத் இதனை மறுத்தார். எழுதுகோல் வழுக்கவுமில்லை, சூரியன் உதிக்கவுமில்லை. சென்னையிலிருந்து பல்க்லி அனுப்பிய சௌலரி என்ற பெயரையே லின்னேயஸ் இலத்தீன் உருவமாக்கினார் என்பது பிளைத் காட்டிய உண்மை. சௌலரி என்ற இந்திச் சொல்லுக்கு 'நூறு பாட்டு' என்று அவர் பொருளும் உரைத்தார்.

இவ்வழக்கில் முற்பகுதி ஐயத்துக்கு இடமின்றிப் பிளைத்தின் பக்கமே. 1713இல் அச்சேறிய சொல் 1758இல் இலத்தீன் ஈறு பெற்று நிற்கிறது; சூரியனை இடையில் இழுப்பதற்குத் தேவையே இல்லை. பிற்பகுதியாகிய நூறு பாட்டு என்ற பொருளையோ அவ்வளவு விரைவில் ஏற்க இயலாது. சௌ என்பது இந்தியில் நூறு என்பது மெய்யே. எனினும் அப்பெயர் சென்னையிலிருந்து ஓர் ஆங்கிலேயரின் செவி வழியாகவும் கை வழியாகவும் வந்தது. தயாலை டயல் என்று கேட்ட செவிதான் இதனையும் கேட்டது. அழகிய பொருள் கிடைத்தவிடத்துச் சொல்லாராய்ச்சியாளன் இருமடங்கு எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். ஆயினும் ஐரோப்பாவின் மூன்று அறிஞர் கண்ட வெறும் மணிக்கூட்டைக் காட்டிலும், நூறு பாட்டு என்ற பொருள் பறவையின் குரலுக்கு நெருங்கியது என்பதில் ஐயமில்லை.

1827இல் ஜேர்மனிய அறிஞர் வாக்லர் இப்பறவைக்கெனக் 'கொப்சிகஸ்' என்ற பேரினத்தை வகுத்தார். கிரேக்கத்தில் அதற்குக் கரும்பறவை என்பது பொருள். எனவே அறிவியலில் இதன் முழுப்பெயர் கொப்சிகஸ் சௌலாரிஸ். கிரேக்கமும் சென்னைத் தெருவும் ஒருபெயரில் இணைந்து நிற்கின்றன. பேரினப் பெயர் மாறினும், முதலில் இடப்பட்ட இனப்பெயர் மாறாது என்பது விலங்கியற் பெயரீட்டின் நெறி. பிழையே ஆயினும் முந்தியது நிலைபெறும்.

அந்நெறியின் கடுமையை அறிதற்கு இன்னொரு பாட்டுக்குருவியையும் நோக்கலாம். தலையிற் சிறு கொண்டையும் வாலடியிற் செம்மையும் உடைய கொண்டைக்குருவியை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அதன் ஆங்கிலப் பெயர் புல்புல். பாரசீகத்திற் புல்புல் என்பது ரோசாமலரை நாடிப் பாடுவதாகக் கவிஞர் போற்றும் வேறொரு பறவை. அங்கிருந்து இந்தியாவுக்கு வந்த சொல், அப்பறவை இங்கில்லாமையால், கொண்டைக்குருவியின் மேல் ஏறிக்கொண்டது. 1760இல் பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் இக்குருவியை வருணித்தபோது, தமக்குக் கிடைத்த உடல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது என்று தவறாக எண்ணினார். 1766இல் லின்னேயஸ் அதனை நம்பிக் 'காபர்' என்று இனப்பெயர் இட்டார். காப்பிரிகளின் நாட்டது என்பது பொருள். ஆபிரிக்காவைக் கண்டிராத இக்குருவிக்கு மூல இடம் எது என்று பின்வந்தோர் தேடி, முதலில் இலங்கை என்றனர். 1952இல் ஜேர்மனிய அறிஞர் ஸ்ரெசமன் புதுச்சேரி என்று தீர்த்தார். இடம் மாறியது, பெயர் மாறவில்லை. தென்னாபிரிக்காவில் இன்று வசைச்சொல்லாகிவிட்ட ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு, அந்நாட்டை அறியாமலே, அது நம் முற்றத்து முருங்கையில் இருந்து பாடுகிறது.

டயல் பறவை என்ற பெயர் ஆங்கிலத்தில் மெல்ல வழக்கொழிந்து, மாக்பை றொபின் என்ற பெயர் அதன் இடத்தைப் பிடித்தது. இப்பெயரைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு ஆங்கிலக் குடியானவர் வெளிவருவர். பை என்பது ஐரோப்பாவிலுள்ள கருவெள்ளைக் காக்கையினப் பறவையொன்றின் பழைய பெயர், இலத்தீனில் பீக்கா. அதன் முன்னே வரும் மாக் என்பது மாகிரட் என்ற பெண்பெயரின் குறுக்கம். றொபின் என்பது றொபேட் என்ற ஆண்பெயரின் செல்ல வடிவம். வீட்டயலிற் பழகும் உயிர்களுக்கு மனிதரின் செல்லப்பெயரை இடுவது அந்நாட்டாரின் வழக்கம். கிளிப்பிள்ளை என்றும் அணிற்பிள்ளை என்றும், உயிர்ப்பொருளோடு நில்லாமல் தென்னம்பிள்ளை என்றும் சொல்லும் தமிழருக்கு இது வியப்பாயிராது.

இங்கிலாந்தின் றொபின் சிறிய பறவை. முகமும் நெஞ்சும் தோடம்பழ நிறமாயிருக்கும். எனினும் ஆங்கிலேயர் அதனைச் 'செந்நெஞ்சன்' என்றே பழைய காலந்தொட்டு அழைத்தனர். பின்னரே றொபின் என்ற செல்லப்பெயர் முன்னொட்டாகி, இறுதியில் அதுவே தனிப்பெயராய் நின்றது. தோடம்பழ நிறத்தைச் செம்மை என்றது ஏன்? 'ஒறேஞ்' என்ற நிறப்பெயர் 16ஆம் நூற்றாண்டுவரை ஆங்கிலத்தில் இல்லை. அப்பழத்தின் பெயரே பாரசீகம், அரபு, ஸ்பானியம், பிரெஞ்சு எனப் பல மொழிகளைத் தாண்டி அங்கு சென்றது. அதன் தொடக்கம் நாரத்தை, நாரங்கம் என வழங்கும் தென்னாட்டுச் சொல்லே என்பது அறிஞர் பலர் கருத்து. தென்னாட்டிலிருந்து புறப்பட்ட சொல் உரிய காலத்திற் சென்று சேராமையால், இங்கிலாந்தின் குருவி செந்நெஞ்சன் ஆகவே நின்றுவிட்டது.

ஆங்கிலேயர் கப்பலேறிச் சென்ற நாடுகளுக்கெல்லாம் இப்பெயரைக் கொண்டுசென்றனர். அமெரிக்காவிலே செந்நெஞ்சுடைய பெரிய பூங்குருவியொன்றைக் கண்டு றொபின் என்றனர். அவுஸ்திரேலியாவிலும் சிவந்த நெஞ்சுடைய சிறு பறவைகளுக்கு அப்பெயர் கொடுத்தனர். இந்தியாவில் நெஞ்சு கறுத்து வாலடி மாத்திரம் செம்மையாயிருந்த குருவிக்கும் அது கிடைத்தது. நம் பறவைக்கோ செம்மை எங்குமே இல்லை. வீட்டயலில் வந்து பாடுவதும் வாலை உயர்த்துவதுமே அதன் தகுதியாயின. கருவெள்ளை உடலுக்கு மாக்பை என்ற அடைமொழி சேர்ந்தது. பெயரிட்டவன் பறவையைப் பார்த்தான் என்பதைவிடத் தன் ஊர் வேலியை நினைத்தான் என்பதே பொருந்தும். வெயிலும் காய்ச்சலும் நிறைந்த அயல்நாட்டில், காலைப்பொழுதில் ஒரு குருவி பாடக் கேட்டு, பிறந்தகத்துப் பெயரால் அதனை அழைத்தவனைப் பெரிதும் குறைகூற முடியாது. ஆனால் அக்குருவிக்கு முன்னமே பெயர் உண்டா என்று அயலிலிருந்தவனைக் கேட்கும் எண்ணம் பல்க்லிக்கு இருந்தது. இவனுக்கு அது தோன்றவில்லை.

காலம் இந்தப் பெயருக்கு எதிர்பாராத ஒரு சான்றிதழ் வழங்கியது. நெடுங்காலம் பூங்குருவிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த மாக்பை றொபினை, மரபணு ஆராய்ச்சியின் பயனாக, ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு அறிவியலார் மாற்றினர். இங்கிலாந்தின் றொபினும் அவ்வாறே அக்குடும்பத்துக்கு வந்துசேர்ந்தது. நிறமொவ்வாத இவ்விரண்டும் உறவாயின. நிறத்தால் ஒத்த அமெரிக்க றொபினோ பூங்குருவியாகவே நிற்கிறது.

இலங்கையில் பறவைகளை எழுதிவைக்கும் முயற்சி ஒல்லாந்தர் காலத்திலேயே நடந்தது. 1752 முதல் 1757 வரை கொழும்பில் தேசாதிபதியாயிருந்த யோவான் கிடெயோன் லோட்டன், இந்நாட்டிற் பிறந்த டி பேவர் என்னும் ஓவியரைக் கொண்டு பறவைகளையும் பிற உயிர்களையும் வரைவித்தார். நீண்ட அலகுடைய தேன்சிட்டு ஒன்றுக்கு 1766இல் லின்னேயஸ் இட்ட பெயரில் லோட்டன் இன்றும் வாழ்கிறார். ஆட்களின் பெயரைப் பறவைகளுக்கு இடும் வழக்கம் தகுமா என்ற கேள்வி பின்னாளில் வலுத்தது. 2023இல் அமெரிக்கப் பறவையியற் கழகம், தன் பட்டியலுக்கு உட்பட்ட பறவைகளின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து ஆட்பெயர்களை நீக்கப்போவதாக அறிவித்தது. அவ்வறிவித்தல் ஆங்கிலப் பெயரையே தொடும். இலத்தீன் பெயரைத் தொடாது.

நம் பறவையின் இலங்கைக் கிளையினத்தை 1861இல் ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கிலேயர் 'சிலோனென்சிஸ்' எனப் பிரித்துப் பெயரிட்டார். அதற்கு ஏதுவாக நிற்பது பெண்பறவையின் நிறம். வட இந்தியாவிற் பெண் சாம்பல் நிறத்தது. இலங்கையில் ஆணைப் போலவே கறுத்திருக்கும். காவிரிக்குத் தெற்கே வாழும் பெண்பறவைகளும் அவ்வாறே கறுத்தவை. அதனால் அப்பகுதிப் பறவைகளை இலங்கைப் பறவைகளோடு ஒன்றாக எண்ணிய காலமும் உண்டு. படைத்துறையில் இங்கு பணியாற்றிய வின்சன்ற் லெக், 1878 முதல் 1880 வரை வெளியிட்ட 'இலங்கைப் பறவைகளின் வரலாறு' என்னும் நூலில், நாட்டுமக்கள் வழங்கும் சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் கேட்டு எழுதினார். இலங்கையிற் பிறந்து கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜீ. எம். ஹென்றியும் 1955இல் வெளியிட்ட தம் கைந்நூலில் அவ்வழியையே பின்பற்றினார்.

தமிழ்ப்பெயர்களின் நிலை வேறு. கரிச்சான் என்பது கருநிறங் காரணமாக வந்த பெயர் என்பது வெளிப்படை. வாக்லர் கிரேக்கத்தில் தேடி எடுத்த பொருளும் இதுவே. தமிழன் அதனைத் தேடாமலே வைத்திருந்தான். எனினும் கரிச்சான் என்ற சொல்லுக்கு முதல் உரிமையாளன் நம் பறவையன்று. மாட்டின் முதுகிலும் வேலியிலும் இருந்து பூச்சி பிடித்து, காக்கையையும் பருந்தையும் துரத்தும் இரட்டைவாற் குருவியே அது. அதனைக் கரிக்குருவி என்றும் வலியன் என்றும் சொல்வர். ஆண்டாள் அருளிய திருப்பாவையின் ஏழாம் பாட்டில் வைகறையிற் பேசும் பறவைக்கு ஆனைச்சாத்தன் என்று பெயர்; உரையாசிரியர்கள் அதனை வலியன் என்பர். மலையாளத்தில் இரட்டைவாற் குருவிக்கு இன்றும் ஆனறாஞ்சி என்ற பெயர் வழங்குவது இவ்வுரைக்குத் துணை செய்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலம் ஒன்றுண்டு. காக்கைகளுக்கு அஞ்சி ஒடுங்கிய கரிக்குருவிக்கு மதுரைச் சோமசுந்தரக் கடவுள் மந்திரம் உபதேசித்து, வலிமையும் வலியன் என்ற பெயரும் அருளினார் என்பது அதன் கதை. காக்கையைத் துரத்தும் இரட்டைவாற் குருவியைக் கண்டோருக்குக் கதையின் நாயகன் யாரெனச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வளவு புகழுடைய பெயரைப் பின்னொரு பறவை பெறவேண்டுமாயின், அடைமொழி ஒன்று தேவை. குண்டு என்ற சொல் அவ்வாறு முன்னே வந்தது. நீண்டு பிளந்த வாலையுடைய மெலிந்த கரிச்சானுக்குப் பக்கத்தில், உருண்ட உடலையுடைய இது குண்டுக்கரிச்சான். ஆங்கிலேயன் தன் ஊர்ப் பறவை இரண்டைக் கூட்டி இதற்குப் பெயர் செய்ததைப் போலவே, தமிழனும் தான் முன்னறிந்த பறவையைக் கொண்டே செய்தான். இங்கே ஒரு வேறுபாடு உண்டு: தமிழன் ஒப்பிட்ட பறவை அதே வேலியில் அடுத்தாற்போல் இருந்தது.

இன்னொரு தமிழ்ப்பெயர் வண்ணாத்திக்குருவி. மலையாளத்தில் மண்ணாத்திப்புள்ளு என்பதும் இப்பொருட்டே. அங்கு அது நம் பறவைக்கே உரியது. தமிழிலோ இடத்துக்கு இடம் வெவ்வேறு கருங்குருவிகளுக்கு அப்பெயர் வழங்கக் காணலாம். கறுப்பையும் வெளுப்பையும் ஓருடலில் தாங்கியதால் துணிவெளுப்போரை நினைந்து இட்ட பெயராகலாம். யாழ்ப்பாணத்திலே பட்டாம்பூச்சியை வண்ணாத்திப்பூச்சி என்று சொல்வது பேச்சுவழக்கு. நூல்வழக்கிலே அது வண்ணத்துப்பூச்சி. நிறத்தைச் சொல்லும் வண்ணமா, தொழிலைச் சொல்லும் வண்ணாத்தியா முந்தியது என்பது புதுக்கடையிலும் தீராத வழக்கு. ஆனால் ஒரு சமூகத்தாரின் பெயர் பிறர் வாயில் இழிசொல்லாய்ப் புழங்கிய ஊர்களில், பூச்சிக்கும் குருவிக்கும் அப்பெயரைச் சொல்லும்போது அவ்வீட்டுப் பிள்ளை தலைகுனிந்திருக்கக்கூடும். அதனாற் பாடநூலார் வேறு பெயரை நாடுவது ஏற்புடையதே. அதற்காகப் பழம்பெயர் வழங்கிய செய்தியையே அழித்துவிடுவது ஏற்புடையதன்று. றேயின் நூலிலே பெயர் சொன்னவன் மறைந்ததுபோல, பெயரை வழங்கியவரும் மறைந்துவிடுவர்.

கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளுட் பலர் இப்பறவையைப் பொல்கிச்சா என்றே அறிவர். அல்லது ஆங்கிலப் பெயரால் அறிவர். அயல்வீட்டாரிடம் கேட்டறிந்த பெயர் அயற்பெயர் ஆகாது. சிங்களத்திற் பொல் என்றால் தேங்காய். தென்னை நிற்கும் வளவிலெல்லாம் திரியும் பறவைக்கு அப்பெயர் நன்றாகவே அமைந்திருக்கிறது. குண்டுக்கரிச்சான் என்பதையும் அப்பிள்ளை கற்றுக்கொண்டால், ஒரே குரலுக்கு இரு பெயர் சொல்லும் வசதி அதற்குக் கிடைக்கும்.

இந்து சமுத்திரத்துச் சீஷெல்ஸ் தீவுகளில் இப்பறவையின் உறவினம் ஒன்றுண்டு. அங்குள்ளோர் தம் கிரியோல் மொழியில் அதனைப் பீ சாந்தே என்பர். பாடும் பை என்பது பொருள். மாகிரட் அங்கு இல்லை; பாட்டு இருக்கிறது. அந்தப் பாட்டும் அடங்கிப்போகும் நிலை ஒருகால் இருந்தது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரெகேற் என்ற ஒரே தீவில், இருபதுக்கும் குறைந்த பறவைகளே எஞ்சியிருந்தன. பின்னர் காத்துப் பெருக்கி வேறு தீவுகளிலும் குடியேற்றினர்.

அல்பினின் செவியில் டயல் ஆகிய வங்காளச் சொல் என்னவாயிற்று என்பது ஒன்றே எஞ்சியுள்ளது. 1971இல் விடுதலை பெற்ற வங்காளதேசம் இப்பறவையைத் தன் தேசியப் பறவையாக்கிக்கொண்டது. இரண்டு டாக்கா நாணயத்தாளில் அதன் உருவம் அச்சிடப்பட்டது. தலைநகர் டாக்காவில், பல்கலைக்கழகத்துக்கு அயலே, அதன் சிலை நிற்கும் சந்தி தோயேல் சத்தர் எனப்படுகிறது. மீன் விற்பவரும் மாணவரும் ரிக்சாக்காரரும் நாள்தோறும் அப்பெயரைச் சொல்கின்றனர். அதை டயல் என்று கேட்பவர் அங்கு எவருமில்லை.